ஒரு பக்கத் தீர்ப்பு

சிட்னித் தமிழர்களுக்குப் பதினான்கு வருடமாகப் பட்டிமன்ற நடுவராக இருக்கும் சடகோபன் இதுவரை ஒருவரையும் தோற்கடித்ததில்லை. குடும்பத்தில் மகிழ்ச்சியைத் தருவது கணவனா மனைவியா என்று தலைப்பு வைத்தால், இரண்டும் இரண்டு கண்கள் என்று முடிப்பார். வெளிநாட்டு வாழ்க்கை வரமா சாபமா என்றால், வரமாக வந்த சாபம், சாபமாக வந்த வரம் என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவரும் யோசித்ததில்லை, கேட்டவர்களும் யோசித்ததில்லை. கூட்டம் கைதட்டும். இரண்டு அணியும் தோளோடு தோள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். ஒருத்தருக்கும் மனஸ்தாபம் இல்லாமல் எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்குப் போவார்கள். சடகோபனுக்கு இதில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

வேலையிடத்தில் அவர் வேறு ஆள். நகர சபையில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம். படிக்கட்டில் ஒரு படி இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடினாலும் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். கெஞ்சினாலும் கொஞ்சினாலும் மசிய மாட்டார். அந்தக் கறார் எல்லாம் வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு சரி. மேடையில் ஏறிவிட்டால் மனுஷன் பாகாய் உருகிவிடுவார்.

மேடையில் அவர் முன்னால் எப்போதும் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். பேச்சாளர்கள் பேசப் பேச அவர் பேனா ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு கவனமாகக் குறிப்பெடுக்கிறார் பாருங்கள் என்று முன்வரிசை அன்ரிமார் மெச்சிக்கொள்வார்கள். உண்மையில் அவர் தேர் வரைந்துகொண்டிருப்பார். நான்கு சக்கரம், மேலே அடுக்கடுக்காகத் தொங்கல், உச்சியில் ஒரு கொடி. இது அவருடைய மகள் மிருணாளினிக்கு மட்டும் தெரியும். சின்ன வயதில் அந்தத் தேர்களுக்குக் கலர் அடித்தவள் அவள்தான்.

இந்த வருடத் தலைப்பைச் சடகோபனே கேட்டு வாங்கினார்: 'உயிர்கள் வந்தது படைப்பாலா? பரிணாமத்தாலா?' காரணம் ஊரறிந்தது. அவரிடம் ஒரு பேச்சு இருந்தது. மச்சம் தண்ணீரில். கூர்மம் தண்ணீரிலும் தரையிலும். வராகம் தரையில். நரசிம்மம் பாதி மிருகம், பாதி மனிதன். வாமனர் குள்ள மனிதன். பரசுராமர் கோடரி பிடித்த காட்டு மனிதன். ராமர் முழு மனிதன். "வெள்ளைக்காரன் நேத்து கண்டுபிடிச்ச பரிணாமத்தை நம்ம முன்னோர் பத்து அவதாரமா எழுதி வச்சுட்டாங்கய்யா!" என்று அவர் கையை உயர்த்தும்போது மண்டபம் அதிரும். கல்யாண வரவேற்புகளில் பேசியிருக்கிறார், சங்கத்து ஆண்டு விழாக்களில் பேசியிருக்கிறார், ஒருமுறை புதுமனை புகுவிழாவில் பால் பொங்குவதற்குள் பேசி முடித்திருக்கிறார். படைப்பும் பரிணாமமும் ஒன்றே என்று தீர்ப்புச் சொல்ல இதைவிட வாகான சரக்கு ஏது? தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தலைப்பைத் தேடிய நடுவர் அவராகத்தான் இருக்கும்.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சங்கச் செயலாளர் சிறிதரன் போன் செய்தார். சிறிதரன் யாழ்ப்பாணத்துக்காரர், படபடவென்று விஷயத்துக்கு வருகிறவர்.

"அண்ணை, ஒரு சிக்கல். பரிணாமம் பேச இருந்த டொக்டருக்கு அண்டைக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி விழுந்திட்டுது. உங்கட மகள் அந்தத் துறைதானே? ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

"என் பொண்ணு பேசினா நான் எப்படி நடுவரா உக்கார்றது சிறிதரன்? நாலு பேர் நாலு விதமா பேச மாட்டாங்களா?"

சிறிதரன் சிரித்துவிட்டார். "என்ன அண்ணை பகிடி விடுறியள். நீங்கள் என்ன, ஒரு பக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லவே போறியள்?"

சடகோபனும் சேர்ந்து சிரித்தார். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ லேசாகக் குத்தியது. ஆனால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மிருணாளினிக்கு இருபத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் அரணைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தனியாக ஒரு பிளாட்டில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஹோம்புஷ் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த ஞாயிறு அவளுடைய தட்டில் இரண்டாவது முறை ரசம் ஊற்றும் நேரம் பார்த்து சடகோபன் விஷயத்தைச் சொன்னார். முடியாது என்றாள். தமிழில் பத்து நிமிடம் மேடையில் பேச வராது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கையைக் கழுவிவிட்டு வந்து, "பேசறேன். ஆனா ஒரு கண்டிஷன்" என்றாள்.

"சொல்லு."

"நீங்க நிஜமா ஜட்ஜ் பண்ணணும். ரெண்டு பக்கமும் ஜெயிச்சதுன்னு சொல்லக்கூடாது. நான் தோத்தா தோத்தேன்னு சொல்லுங்க. ஐ வோன்ட் மைண்ட்."

"அதுல என்னடா இருக்கு, கண்ணா..."

"இருக்குப்பா." அவள் குரல் மாறியது. "என் தீசிஸ்ல ஒரு சாப்டரைக் காட்டினேன். சூப்பர்னீங்க. அந்த சாப்டரை எக்ஸாமினர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க. என் செமினாருக்கு வந்தீங்க. சூப்பர்னீங்க. அன்னிக்கு நான் எவ்வளவு சொதப்பினேன்னு எனக்குத் தெரியும். கவுன்சில்ல யாரோ ஒருத்தரோட மாடிப்படிக்கு ரெண்டு சென்டிமீட்டர் பாக்கறீங்க. எனக்கு மட்டும் ஏன் எப்பவும் சூப்பர்? நான் பண்றதை நீங்க சீரியஸா எடுத்துக்கலைன்னுதானே அர்த்தம்?"

சடகோபனின் மனைவி வைதேகி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கேட்க வேண்டியதை மகள் கேட்டுவிட்டாள் என்று அவளுக்குத் திருப்தி.

"சரி, ப்ராமிஸ்" என்றார் சடகோபன். சொல்லும்போதே அது வாய்வார்த்தைதான். நாலு பக்கத்துக்கு அழகாக டைப் செய்த அவதாரப் பேச்சு அவருடைய மேசையில் தயாராக இருந்தது.

விழா நாளன்று மூன்று மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. பின்வரிசையில் தள்ளுவண்டிக் குழந்தைகள், நடுவில் குடும்பங்கள், முன்னால் பட்டுப் புடவைகள். சடகோபன் புது ஜிப்பாவோடு மேடையேறினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜிப்பாப் பையில் நாலு பக்கம் கனமாக இருந்தது. எதிரே வெள்ளைத் தாள். பேனாவைத் திறந்து முதல் சக்கரத்தை வரைந்தார்.

இரண்டு அணியிலும் மூன்று மூன்று பேர். துணைப் பேச்சாளர்கள் பேசி முடிப்பதற்குள் தேருக்கு நான்கு சக்கரமும் வந்துவிட்டன. அடுத்து படைப்பு அணியின் தலைவர் அந்தோணி எழுந்தார்.

அந்தோணி மலேசியாவில் கிள்ளான் பக்கத்துக்காரர். தொழிற்படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் இருப்பார். சடகோபன் வீட்டுத் தீபாவளிப் பலகாரமும் அந்தோணி வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கும் வருடம் தவறாமல் இடம் மாறும்.

"நான் பெரிய படிப்புப் படிச்சவன் இல்லைங்க" என்று அந்தோணி ஆரம்பித்தார். "ஆனா இந்த ஊர்ல இருக்கிற லிஃப்ட்ல பாதியோட வயித்துக்குள்ள என் கை போயிருக்கு. ஒரு போல்ட்டுகூட வரைபடம் இல்லாம அங்க வந்து உக்காரலை. யாரோ யோசிச்சிருக்காங்க, யாரோ வரைஞ்சிருக்காங்க. இரும்புப் பெட்டிக்கே அப்படின்னா, இந்தக் கண்ணுக்கு? பரிணாம அணிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். கண்ணு கொஞ்சம் கொஞ்சமா வந்ததுன்னு சொல்றீங்களே, அரைக் கண்ணு எதுக்குங்க உதவும்? அரை லிஃப்ட்ல ஏறி யாராச்சும் மாடிக்குப் போவீங்களா?"

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. சடகோபன் தேருக்குத் தொங்கல் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது அந்தோணி அவர் பக்கம் திரும்பினார்.

"கடைசியா நம்ம நடுவர் ஐயாவுக்கு ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. நீங்க பத்து அவதாரத்தையும் பரிணாமத்தையும் சேர்த்து ஒரு பேச்சுப் பேசுவீங்க. நான் எட்டு தடவை கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு ஒப்பலை. நரசிம்மம் எதுக்கு வந்துச்சு? அப்பன்காரனே கொல்லப் பார்த்த ஒரு பிள்ளையக் காப்பாத்த வந்துச்சு. அந்தப் பிள்ளை கூப்பிட்டுச்சு, தூணைப் பொளந்துகிட்டு வந்துச்சு. அதைப் போயி மிருகத்துக்கும் மனுஷனுக்கும் நடுப்படின்னு சொல்லலாமாங்க? நான் வேற சாமி கும்பிடறவன். ஆனா உங்க சாமிக்காக நான் வருத்தப்பட்டேன்."

இம்முறை யாரும் கைதட்டவில்லை. சடகோபனின் பேனா நின்றுவிட்டது. முகத்தில் சிரிப்பு மட்டும் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் குளித்துவிட்டு நரசிம்மர் படத்தின் முன்னால் நிற்பவர் அவர். சின்ன வயதில் ஜுரத்தில் கிடந்தபோது அந்தப் பெயரைச் சொல்லித்தான் பயம் தெளிந்திருக்கிறார். கைதட்டலுக்காக அந்தப் பெயரைப் பதினான்கு வருடமாக எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்தோணி சொன்னது மறுக்க முடியாத நியாயம் என்பது இன்னும் வெட்கமாக இருந்தது.

தேர் வரைந்த தாளைத் திருப்பினார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. நடுவில் ஒரு கோடு போட்டார். இடதுபக்கம் 'அந்தோணி' என்று எழுதி, அதன் கீழே, 'நரசிம்மம் பற்றி - சரி' என்று எழுதினார். அதற்கு மேலே இன்னொரு வரி: 'அரைக் கண் - நல்ல கேள்வி. பதில் வருகிறதா பார்க்க.' வரைபடங்களைச் சரிபார்க்கும்போது எழுதுகிற அதே சின்ன எழுத்து.

மிருணாளினி எழுந்தாள். மைக்கை இரண்டு தடவை தட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். என் தமிழ் கொஞ்சம் அரைக் கண்ணு மாதிரிதான். ஆனாலும் உதவும்னு நம்பறேன்."

கூட்டம் கலகலவென்று சிரித்தது. சடகோபனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உடனே அடக்கிக்கொண்டார். எழுதவில்லை. சிரிக்க வைத்ததற்கு மார்க் கிடையாது.

"அந்தோணி அங்கிள் சொன்ன லிஃப்ட் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா லிஃப்ட் குட்டி போடாது அங்கிள். அதான் வித்தியாசம். லிஃப்ட் குட்டி போட்டு, ஒவ்வொரு குட்டியும் கொஞ்சம் கொஞ்சம் வேற மாதிரி இருந்து, நல்லா ஓடற குட்டி மட்டும் மறுபடி குட்டி போட்டுச்சுன்னா, லட்சக்கணக்கான வருஷத்துல உங்களுக்கே வேலை இருக்காது."

அந்தோணியே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

"எங்க வீட்டுக் கொல்லையில மக்குற குப்பைத் தொட்டி இருக்கு. அதுக்கு அடியில மூணு விரல் அரணை ஒண்ணு இருக்கு. அம்மா பயப்படுவாங்க. விஷம் கிடையாது. சிட்னியில இந்த அரணை முட்டை போடும். வடக்கே குளிரான மலைப் பக்கம் போனா, இதே அரணை குட்டி போடும். இதே ஜாதி. வேற இல்ல. இங்க போடற முட்டைகூட ரொம்ப மெல்லிசான ஓடு, உள்ள குட்டி பாதிக்கு மேல வளர்ந்துடும். ஆய்வுக்கூடத்துல ஒரு தாய் முதல்ல முட்டை போட்டு, சில வாரம் கழிச்சு அதே கர்ப்பத்துல குட்டியும் போட்டிருக்கு. முட்டையில இருந்து குட்டிக்குப் போற வழியில ஒரு உயிர் நடந்துகிட்டே இருக்கு. பரிணாமம் எப்பவோ நடந்த கதை இல்ல. ஹோம்புஷ்ல எங்க குப்பைத் தொட்டிக்கு அடியில இருக்கு. யார் வேணா வந்து பாக்கலாம். அம்மா காபி குடுப்பாங்க."

சடகோபனின் பேனா ஓடியது. 'லிஃப்ட் குட்டி - நேரடியான மறுப்பு. அரணை - கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி.' தன் வீட்டில் வளர்ந்த பெண் இப்படிப் பேசுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அரணையைக்கூட அவர் துடைப்பமும் கையுமாகத்தான் பார்த்திருக்கிறார்.

"அவதாரத்தைப் பத்தி அங்கிள் சொன்னாங்க." அவள் அப்பா பக்கம் பார்க்கவில்லை. "எனக்கும் ஒண்ணு சொல்லணும். ஒன்பதாங்கிளாஸ்ல அந்தப் பேச்சை அப்படியே சயன்ஸ் அசைன்மென்டா எழுதிக் குடுத்தேன். ரொம்பப் பெருமையா குடுத்தேன். டீச்சர் கிண்டல் பண்ணலை. அடியில ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாங்க. 'இது தப்பா இருந்தா, தப்புன்னு நீ எப்படிக் கண்டுபிடிப்பே?' எனக்குப் பதில் தெரியலை. எத்தனை நாள் யோசிச்சும் தெரியலை. மீன் மனுஷனாகறதுக்காகக் காத்துகிட்டு இருக்கலை. மீன் இன்னும் மீனாவே சந்தோஷமா இருக்கு. இது ஏணி இல்ல, கிளை கிளையா பிரியற செடி. நாம உச்சிப் படியில நிக்கலை, ஒரு கிளையில நிக்கறோம், அவ்வளவுதான். இதையெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் படிச்சேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சயன்சுக்கே வந்தேன்."

மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டது. அவள் வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் எல்லோருடைய கண்ணும் நடுவர் மேல் இருந்தது. பாவம் மனுஷன், இரண்டு பக்கமும் சேர்ந்து வெளுத்துவிட்டார்களே என்கிற பார்வை.

சடகோபன் தாளில் கடைசியாக ஒரு வரி எழுதிவிட்டு எழுந்தார். ஜிப்பாப் பையில் கை தானாகப் போனது. நாலு பக்கமும் விரலில் பட்டன. எடுத்துப் பேசினால் இப்போதும் கைதட்டுவார்கள். அவருக்கு அது நன்றாகத் தெரியும். இந்தக் கூட்டத்தின் நாடி அவருக்கு அத்துப்படி. யாருக்கும் மனஸ்தாபம் இருக்காது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மகள் ஒருத்தி மட்டும் இனிமேல் அவரிடம் எதையும் காட்ட மாட்டாள்.

கையை வெளியே எடுத்தார். வெறுங்கைதான் வந்தது.

"தீர்ப்புக்கு முன்னாடி ரெண்டு தலைவர்களையும் ஒரு கேள்வி கேக்கணும்" என்றார். "இப்பத்தான் கேட்ட கேள்வி. எந்த நடுவரும் முதல்ல கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்குப் பதினாலு வருஷமா தோணலை. அந்தோணி, நீங்க சொன்னது தப்புன்னா, அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்? எதைக் காட்டினா மாத்திப்பீங்க?"

அந்தோணி எழுந்து கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எதைக் காட்டினாலும் மாத்திக்க மாட்டேன் ஐயா. என் மனைவி ஐ.சி.யூ.ல இருந்த மூணு வாரம் நான் ஆண்டவரைத்தான் பிடிச்சுகிட்டு நின்னேன். அந்த நம்பிக்கை பூமியில தோண்டி எடுத்த எலும்பைப் பார்த்து வந்தது இல்ல. எலும்பைப் பார்த்துப் போகவும் போகாது."

"மிருணாளினி?"

"மீன் மட்டும் இருந்த காலத்துப் பாறையில ஒரே ஒரு கங்காரு எலும்பைக் காட்டுங்க" என்றாள் அவள். "இதே மேடையில நின்னு மன்னிப்புக் கேக்கறேன்."

சடகோபன் தாளைப் பார்த்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தோணி சொன்னது உண்மையான பக்தி. நான் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா இன்னிக்குத் தலைப்பு பக்தி இல்ல. உயிர்கள் எப்படி வந்ததுங்கறது தலைப்பு. அதுக்கு ஒரு அணி சாட்சி கொண்டுவந்தது. தான் தப்புன்னா எப்படிப் பிடிக்கறதுன்னு வழியும் தானே சொல்லிச்சு. இன்னொரு அணி நம்பிக்கையைக் கொண்டுவந்தது. அதனால" - இங்கே அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார் - "பரிணாம அணி ஜெயிச்சது. படைப்பு அணி தோத்தது. தோத்ததுன்னுதான் சொல்றேன். ரெண்டு கண்ணு, ரெண்டு சக்கரம்னு இன்னிக்கு ஒண்ணும் கிடையாது. அதோட, பத்து அவதாரமும் பரிணாமமும் ஒண்ணுன்னு பதினாலு வருஷமா நான் பேசின பேச்சும் தோத்தது. அதைச் சாமி பக்கத்துல இருந்து பார்த்தாலும் தப்பு, சயன்ஸ் பக்கத்துல இருந்து பார்த்தாலும் தப்பு. இனிமே பேச மாட்டேன்."

சிறிதரன் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சொந்த மகளுக்குத் தீர்ப்பு! நல்ல நடுவர்!" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சடகோபன் மைக்கை மறுபடி கையில் எடுத்தார். அவர் பதில் சொல்வதற்குள் அந்தோணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யாருங்க அது? தோத்தவன் நான். நானே ஒத்துக்கறேன், உங்களுக்கு என்ன வலிக்குது? பதினாலு வருஷமா எங்க யாரையும் ஜெயிக்கவும் விடலை, தோக்கவும் விடலை இந்த மனுஷன். இன்னிக்குத்தான் நாங்க பேசினதை உருப்படியா காது குடுத்துக் கேட்டிருக்காரு!"

முதலில் கைதட்டியது வைதேகிதான். மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியிலிருந்து கீழே தள்ளிவிட்டு எழுந்து நின்று கைதட்டினாள். அதன் பிறகு மண்டபமே எழுந்தது. இந்த மேடையில் சடகோபன் எத்தனையோ கைதட்டல் வாங்கியிருக்கிறார். இது வேறு ரகம் என்று அவருக்குத் தெரிந்தது. பெருமையில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைப் பார்த்தும் பெருமை, கூட்டாளி அந்தோணியைப் பார்த்தும் பெருமை, உள்ளதைச் சொன்னால் தன்னைப் பார்த்தும்தான்.

சாப்பாடு முடிந்து மூன்று பேரும் காரில் ஏறியபோது இன்னும் வெயில் இருந்தது. மிருணாளினி ஓட்டினாள். வைதேகி பின்னால் உட்கார்ந்து போனில் எடுத்த வீடியோவை மறுபடி மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"தேங்க்ஸ்பா" என்றாள் மகள். "ப்ராமிஸ் பண்ணினதுக்காகவா அப்படிச் சொன்னீங்க?"

"இல்ல. நீ தோத்திருந்தா தோத்தேன்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பலாமா என்று யோசிக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. மடியிலிருந்த தாளை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

ஒரு பக்கம் பாதித் தேர். கொடி இல்லை. மறுபக்கம் அப்பாவின் சின்ன எழுத்தில் இரண்டு பத்தி. வலதுபக்கத்தில் அவளுடைய பெயருக்குக் கீழே கடைசி வரியை அவள் வாசித்தாள்: 'அரைக் கண் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு நகைச்சுவையால் தாண்டிப் போய்விட்டார். மூன்று மார்க் குறைக்க.'

"அதுக்குப் பதில் இருக்குப்பா!" என்று கத்தினாள். "வெளிச்சமா இருட்டான்னு தெரிஞ்சாலே போதும். மேல ஒரு நிழல் விழுந்தா ஓடி ஒளிஞ்சுக்கலாம். அரைக் கண்ணு கண்ணே இல்லாததைவிட எவ்வளவோ மேல். எனக்கு டைம் ஆயிடுச்சு!"

"பதில் இருக்கறது வேற, சொன்னது வேற. நடுவர் சொன்னதைத்தான் பார்க்க முடியும். அரணைக்கு நாலு நிமிஷம் எடுத்துகிட்டே. மூணு போதும். மிச்சத்துல கண்ணுக்குப் பதில் சொல்லியிருக்கணும். அந்தோணி பெரிய மனுஷன், திருப்பிக் கேக்கலை. வேற யாராவது இருந்தா உன்னைப் பிடிச்சிருப்பாங்க."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. மிருணாளினி நகரவில்லை. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. சின்ன வயதில் தேருக்குக் கலர் அடித்து முடித்ததும் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாளே, அதற்குப் பிறகு சடகோபன் இந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

"மூணு மார்க்கா குறைச்சீங்க?"

"நாலு குறைச்சிருக்கணும். வண்டியை எடு."

அவள் அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தாள்.